ஸ்டாக்ஹோமில் ஏறி ஹெல்சிங்கியில் இறங்க ஓர் இரவு

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கும் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 400 கி.மீ. விமானம் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனாலும் மாலை ஐந்து மணி வாக்கில் இரண்டு ஊர்களிலிருந்தும் பெரிய பயணிகள் கப்பல்கள் கிளம்புகின்றன. மறுநாள் காலை பத்து, பத்தரைக்குத்தான் எதிர்க்கரை சேர்கின்றன. லாரி ஓட்டுநர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள், காரோடு விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்கள், எங்கும் இறங்கும் எண்ணமே இல்லாமல் கப்பலுக்காகவே வந்தவர்கள் என்று எல்லோரும் ஏறுகிறார்கள்.

முதன்முறை ஏறுகிறவருக்குச் சில விஷயங்கள் புதிராக இருக்கும். ஏன் இவ்வளவு நேரம்? யாரும் அதிகம் இறங்காத ஒரு சிறிய துறைமுகத்தில் நடுராத்திரியில் ஏன் நிற்கிறது? விலை குறைந்த அறைகள் ஏன் கார் நிற்கும் தளத்துக்கும் கீழே இருக்கின்றன? நடைவழியில் தரையை ஒட்டி ஏன் ஒரு பட்டை ஒளிர்கிறது? எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. அது தெரிந்து ஏறுகிறவர் அந்த இரவை நன்றாகக் கழிப்பார், பத்திரமாகவும் இருப்பார்.

முதலில் நேரம். இந்தத் தடத்தில் ஓடும் சில்யா செரினேட் (1990), சில்யா சிம்ஃபனி (1991) என்ற இரட்டைக் கப்பல்கள் மணிக்கு 21 கடல் மைல், அதாவது சுமார் 39 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியவை. அந்த வேகத்திலேயே ஓடினால் அதிகாலையிலேயே கரை சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து யாருக்கு என்ன பயன்? அவ்வளவு சீக்கிரம் ஹெல்சிங்கியில் இறங்கி நிற்க யாரும் விரும்பமாட்டார்கள். சாப்பிட்டு, தூங்கி, குளித்து, காலை உணவும் முடித்து ஊருக்குள் நடக்கத் தோதான நேரத்தில் இறக்கிவிடுவதுதான் இந்தப் பயணத்தின் கணக்கு. எரிபொருள் கணக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு எஞ்சின் சக்தி வேண்டும். அதனால் மெதுவாகப் போவதில் மிச்சமாகும் பணம் கொஞ்சமல்ல. வழியில் இருக்கும் தீவுகளுக்கிடையே வேகமாகப் போகவும் கூடாது. பெரிய கப்பல் கிளப்பும் அலை கரைகளை அரித்து, படகுத்துறைகளை அடித்து நொறுக்கிவிடும். அதனால் அங்கே வேகக் கட்டுப்பாடு உண்டு.

ஒரு கப்பல் ஸ்டாக்ஹோமில் கிளம்பும் அதே மாலையில் அதன் இரட்டை ஹெல்சிங்கியில் கிளம்புகிறது. இரண்டும் இரவில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. காலையில் சேர்ந்த கப்பலை அன்று மாலைக்குள் சுத்தம் செய்து, கிட்டத்தட்ட ஆயிரம் அறைகளிலும் படுக்கை விரிப்பு மாற்றி, வாகனங்களை இறக்கி ஏற்றி, மறுபடி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டே கப்பல்களால் இரு திசைகளிலும் தினமும் சேவை நடத்த முடிவது இதனால்தான்.

இந்தக் கப்பல்கள் வெறும் உல்லாசத்துக்காகப் பிறந்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1954-இல் நோர்டிக் நாடுகள் தங்களுக்குள் பொதுவான தொழிலாளர் சந்தையை ஏற்படுத்தின. ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை செய்யலாம் என்றாயிற்று. பின்லாந்தின் கிராமங்களில் வேலை குறைந்துகொண்டிருந்தது. ஸ்வீடனின் ஆலைகள் ஆள் தேடிக்கொண்டிருந்தன. 1960-களிலும் 1970-ஐ ஒட்டியும் பெரும் எண்ணிக்கையில் பின்லாந்துக்காரர்கள் கடல் தாண்டி வேலைக்குப் போனார்கள். கோடை விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீடு திரும்பியது இந்தக் கடலைக் கடக்கும் கப்பல்களில்தான். இன்று கப்பலின் ஒலிபெருக்கியில் பின்னிஷ், ஸ்வீடிஷ் என்று மாறி மாறி அறிவிப்பு வருவதைக் கேட்கும்போது, அதற்குப் பின்னால் அப்படிப் பிரிந்த பல குடும்பங்களின் கதை இருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஏறியதும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: பையை அறையில் போட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். பலர் நேரே கடைக்கும் சாப்பாட்டுக்கும் போய், பயணத்தின் மிக அழகான பகுதியைத் தவறவிடுகிறார்கள். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே சுமார் 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் கொண்ட பெரிய தீவுக்கூட்டம் கிடக்கிறது. 200 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கப்பல் அதற்குள் மூன்று நான்கு மணி நேரம் வளைந்து வளைந்து போகிறது. சிவப்புச் சாயம் பூசிய மரவீடுகள், தனியார் படகுத்துறைகள், பைன் மரங்கள், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே மேலே தலைகாட்டும் வழுவழுப்பான கருங்கல் பாறைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நகர்வதுபோல் இருக்கும். பனியுகத்தில் இந்த நிலத்தை அழுத்திக்கொண்டிருந்த பெரும் பனிப்பாளம் உருகிய பிறகு நிலம் மெல்ல மேலே எழும்பிக்கொண்டே வருகிறது. தீவுகள் இத்தனை இருப்பது அதன் விளைவு; பாறைகள் இப்படி மழுங்கி இருப்பது அந்தப் பனிப்பாளம் உரசித் தேய்த்ததால். இந்தத் தடத்தில் வழக்கமாக ஓட்டும் கப்பல் அதிகாரிகள் இந்த வழிக்கென்றே தனித் தேர்வு எழுதித் தேறியவர்கள். ஒவ்வொரு திருப்பமும் அவர்களுக்கு மனப்பாடம்.

காற்று பலமாக அடிக்கும். ஜூலையிலும் ஒரு கனமான மேல்சட்டை வேண்டும்.

அடுத்தது அறை. இரவு எப்படிக் கழியும் என்பதை நிர்ணயிப்பது இதுதான். கேபின் என்றால் பொதுவாக இரண்டு முதல் நான்கு படுக்கை, அவற்றில் சில சுவரில் மடித்து வைக்கும் மேற்படுக்கை, கழிப்பறையோடு குளியலறை. கடல் பார்த்த ஜன்னல் உள்ள அறை, ஜன்னலே இல்லாத உள் அறை, வாகனத் தளத்துக்குக் கீழே இருக்கும் மலிவான அறை என்று படிப்படியாக விலை இறங்கும். சில்யா கப்பல்களில் இன்னொரு வகையும் உண்டு. கப்பலின் நடுவே 142 மீட்டர் நீளத்துக்குப் பல தளங்கள் உயரமுள்ள கடைவீதி ஒன்றைத் திறந்த முற்றம்போல் அமைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபடி ஜன்னல் வைத்த உள் அறைகள் அவை. பயணிகள் கப்பலில் அப்போது அது புதுமை. பத்தாண்டு கழித்து, 1999-இல், இந்தக் கப்பல்களைக் கட்டிய அதே துர்க்கு நகரக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான வாயேஜர் ஆஃப் த சீஸ் என்ற மாபெரும் உல்லாசக் கப்பலிலும் அதே அமைப்பு இடம்பெற்றது.

ஜன்னல் வேண்டுமா என்பதைவிட அறை கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே தூக்கத்துக்கு முக்கியம். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது; இரண்டு முனைகளும்தான் தூக்கிப்போடும். பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவருக்கு இது சொல்லாமலே விளங்கும். பக்கவாட்டு ஆட்டம் மேலே போகப் போக அதிகம். ஆக, ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர் நடுவிலும் தாழ்ந்த தளத்திலும் அறை கேட்கவேண்டும். சத்தத்தின் கதை வேறு. பின்பகுதியில் எஞ்சினின் அதிர்வு இரவு முழுதும் மெல்லக் கேட்கும். முன்பகுதியில், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் ஓடும்போது சுவரே நடுங்குவதுபோல் இரைச்சல் வரும். கடைவீதிக்கு நேர் மேலே இருக்கும் அறைகளில் நள்ளிரவு தாண்டியும் பாட்டும் பேச்சும் காதில் விழலாம். வாகனத் தளத்துக்குக் கீழே உள்ள அறை அசைவு குறைந்தது, மலிவானது. ஆனால் அங்கிருந்து வெளியே வர ஏறவேண்டிய படிகள் அதிகம். அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்குச் சற்று பின்னால் வருகிறேன்.

நடுராத்திரி நிறுத்தத்தைப் பார்ப்போம். ஹெல்சிங்கி நோக்கிப் போகும் கப்பல் நள்ளிரவை ஒட்டி மரியேஹம் என்ற துறைமுகத்தில் சில நிமிடங்கள் நிற்கிறது. எதிர்த்திசையில் வருவது விடியலுக்கு வெகுமுன் நிற்கிறது. கயிறு கட்டுவார்கள், கதவு திறக்கும், சிலர் ஏறி இறங்குவார்கள், கயிறு அவிழும். தூக்கத்தில் இருப்பவருக்கு ஓர் அதிர்வும் இரைச்சலும் மட்டும் தெரியும். இந்தச் சில நிமிடங்கள்தான் இந்தக் கப்பல் தொழிலைத் தாங்கிப் பிடிக்கின்றன என்றால் மிகையில்லை.

மரியேஹம், ஓலாண்ட் தீவுகளின் தலைநகரம். சுமார் 30,000 மக்கள் வாழும் இந்தத் தீவுகள் பின்லாந்துக்குச் சொந்தம், பேசுவது ஸ்வீடிஷ். எந்த நாட்டோடு சேர்வது என்ற வழக்கில் 1921-இல் சர்வதேச சங்கம் பின்லாந்துக்கே கொடுத்தது. கூடவே சுயாட்சியையும் மொழிப் பாதுகாப்பையும் உறுதிசெய்தது. ராணுவம் கூடாது என்ற நிலையும் தொடர்ந்தது. 1995-இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஓலாண்ட் ஒரு நிபந்தனையோடு சேர்ந்தது: ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்குள் அது வராது. அடுத்து 1999 ஜூலை 1 முதல், ஒன்றிய நாடுகளுக்கிடையே பயணம் செய்பவர்களுக்கு வரியில்லாமல் பொருள் விற்பது நிறுத்தப்பட்டது. ஸ்டாக்ஹோமிலிருந்து நேரே ஹெல்சிங்கி போகும் கப்பலின் கடைக்கு அன்றோடு அந்தச் சலுகை போயிற்று. ஆனால் வழியில் ஓலாண்டைத் தொட்டுப் போனால்? கப்பல் வரி எல்லைக்கு வெளியே போய்த் திரும்புவதாகக் கணக்கு. கடை வரியில்லாமல் விற்கலாம்.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மதுவுக்கு வரி அதிகம். வீரியமான மதுவகைகள் அரசு நடத்தும் கடைகளில்தான் கிடைக்கும். நம்மூர் டாஸ்மாக்கை அறிந்தவர்களுக்கு அரசுக்கடை ஏகபோகம் புதிதல்ல. ஆனால் அங்கே நோக்கம் குடியைக் குறைப்பது. வரியில்லாமல் கிடைப்பதால் கப்பல் கடையில் மது, இனிப்பு, வாசனைத் திரவியம் எல்லாம் வண்டி வண்டியாக விற்கின்றன. பயணச்சீட்டு பல நேரங்களில் வியக்கத்தக்க அளவு மலிவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். கப்பல் நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு உங்கள் டிக்கெட்டிலிருந்து வருவதில்லை. கப்பலுக்குள் நீங்கள் செலவழிப்பதிலிருந்து வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே செலவு செய்வது, எங்கே கையை இழுத்துக்கொள்வது என்று தெளிவாக முடிவெடுக்கலாம். ஓலாண்டுக்கும் இதில் லாபம். இவ்வளவு சிறிய தீவுக்கூட்டத்துக்கு இத்தனை பெரிய கப்பல்கள் தினமும் வந்துபோவதும், வைக்கிங் லைன் என்ற கப்பல் நிறுவனத்தின் தலைமையகம் மரியேஹமில் இருப்பதும் அந்த மக்களின் பிழைப்புக்கு ஆதாரம்.

உள் கேளிக்கைகளைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை. நடன அரங்கம், வாத்தியக்குழு, கரோக்கே, குழந்தைகளுக்கு விளையாட்டு அறை, சௌனா உண்டு. இரவு உணவு பஃபே இரண்டு பந்தியாக நடக்கும். முன்பதிவு செய்வது நல்லது. கடுகு, வெங்காயம், தக்காளி என்று பலவிதமாக ஊறவைத்த ஹெர்ரிங் மீன், உப்பும் சதகுப்பைக் கீரையும் தடவிப் பதப்படுத்திய சால்மன், அவித்த உருளைக்கிழங்கு, ரை என்ற தானியத்தின் கறுப்பு ரொட்டி ஆகியவைதான் அங்கத்திய ருசி. காரம் எதிர்பார்க்க வேண்டாம். சைவ உணவுக்காரர்களுக்கு ரொட்டி, சாலட், காய்கறி, பாலாடைக்கட்டி தாராளமாகக் கிடைக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: பின்லாந்து கடிகாரம் ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. உணவு நேரம், இறங்கும் நேரம் எந்தக் கடிகாரப்படி என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசி நடுக்கடலில் தானாக மாறி உங்களைக் குழப்பும்.

பால்டிக் கடல் சராசரியாக 55 மீட்டர் ஆழம்தான். ஓத ஏற்ற இறக்கம் இல்லை என்றே சொல்லலாம். பெருங்கடலின் நீண்ட, சோம்பலான அலை இங்கே கிடையாது. குட்டையான, செங்குத்தான, அடுத்தடுத்து வரும் அலை. தீவுகளின் மறைவில் போகும்வரை கப்பல் தரைபோல் இருக்கும். ஸ்டாக்ஹோம் தீவுகள் முடிந்து ஓலாண்ட் தொடங்கும்வரையும், ஓலாண்டைத் தாண்டிய பிறகும் வரும் திறந்தவெளியில்தான் ஆட்டம். இலையுதிர்காலப் புயல்களில் அது கடுமையாகவே இருக்கும். குமட்டல் மாத்திரை போடுவதானால் ஆட்டம் தொடங்கும் முன்பே போடவேண்டும். தொடங்கிய பிறகு போட்டு அதிகப் பயனில்லை. இந்தக் கடலில் உப்பும் குறைவு. பெருங்கடலில் 3.5 சதவீதம் என்றால் இந்தப் பகுதியில் ஒரு சதவீதத்தையும் எட்டாது. அதனால் எளிதில் உறைகிறது. கடுங்குளிர் ஆண்டுகளில் பிப்ரவரியில் கப்பல் பனித்தகட்டை உடைத்துக்கொண்டே போகும். கீழ்த்தள முன் அறைகளில் இரும்பில் பாறை உரசுவதுபோல் இரவெல்லாம் சத்தம் வரும். பயப்படவேண்டாம், பனியை உடைத்துச் செல்வதற்காகவே உடலை வலுப்படுத்திக் கட்டிய கப்பல்கள் இவை.

இனி பாதுகாப்பு. இந்தக் கடலில் இதைச் சொல்லாமல் இரவுப் பயணத்தைப் பற்றி எழுதுவது சரியாகாது.

1994 செப்டம்பர் 28 அதிகாலை, எஸ்டோனியத் தலைநகர் டாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் வந்துகொண்டிருந்த எஸ்டோனியா என்ற கப்பல் மூழ்கியது. கப்பலில் இருந்த 989 பேரில் 852 பேர் இறந்தார்கள். 137 பேர் பிழைத்தார்கள். இத்தகைய கப்பல்களில் வாகனங்கள் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வசதியாக, வாகனத் தளம் முழுநீளத்துக்கும் தடுப்பில்லாமல் திறந்து கிடக்கும். எஸ்டோனியாவின் முன்முகப்பு, வாகனம் ஏறுவதற்காக மேலே தூக்கித் திறக்கும் வகையைச் சேர்ந்தது. புயலில் அலை மோதி அது பிய்ந்து விழுந்தது. உள்ளே இருந்த சாய்தளமும் திறந்து, கடல் நேரே வாகனத் தளத்துக்குள் புகுந்தது. தடுப்பு இல்லாத தளத்தில் புகுந்த தண்ணீர் கப்பல் சாயும் பக்கமே ஓடிச் சேரும். அதனால் இன்னும் சாயும். இன்னும் தண்ணீர் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாய்ந்த கப்பலில் படிக்கட்டுகள் ஏறமுடியாதவையாகிவிட்டன. கீழ்த்தள அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. உதவிக்கு ஓடிவந்த பயணிகள் கப்பல்களில், ஹெல்சிங்கி தடத்தில் ஓடிக்கொண்டிருந்த சில்யா சிம்ஃபனியும் ஒன்று.

அந்த மரணங்களிலிருந்து பிறந்த விதிகளைத்தான் இன்று பயணி தன் கண்ணெதிரே பார்க்கிறார். 1996-இல் வட ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, சேதமான கப்பலின் வாகனத் தளத்தில் அரை மீட்டர் உயரம் வரை தண்ணீர் நின்றாலும் கவிழாமல் மிதக்கவேண்டும் என்ற அளவுகோலை வைத்தது. டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுப் பதிவது 1998-இல் வந்த ஐரோப்பிய விதி. யார் யார் கப்பலில் இருக்கிறார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும். அதற்கு முன்பே 1987-இல் பெல்ஜியத்தின் சேப்ருகே துறைமுகத்தில் முன்கதவை மூடாமல் கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியதா என்று கப்பலின் கட்டுப்பாட்டு அறையிலேயே விளக்கு காட்டவேண்டும் என்றானது அதன் பிறகு. நடைவழியில் தரையை ஒட்டி ஒளிரும் அந்தப் பட்டை? 1990-இல் ஸ்கேண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. புகை மேலே நிற்கும்; தவழ்ந்து போகிறவருக்குத் தரையோரத்தில் வழி தெரியவேண்டும். அந்தப் பட்டை அதற்காக.

ஆகவே அறைக்குப் போனதும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வழிப்படத்தைப் படியுங்கள். படிப்பதோடு நிற்காமல் அறையிலிருந்து மேல்தளத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். மின்தூக்கியில் அல்ல, படியில். ஐந்து நிமிடம் ஆகும். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். முதியவர்கள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உடன் வந்தால், கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது வாகனத் தளத்துக்கு மேலே அறை எடுங்கள் என்பது என் திடமான கருத்து. இந்தத் தடம் இன்று நன்றாகக் கண்காணிக்கப்படும் தடம்தான். அதற்காக அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

ஆவணங்களில் பெரிய சிக்கல் இல்லை. ஸ்வீடன், பின்லாந்து, ஓலாண்ட் மூன்றும் ஷெங்கன் பகுதி. செல்லுபடியாகும் ஒரே விசா போதும். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். காரோடு வந்தவர்கள் இரவுக்குத் தேவையானதை எல்லாம் முதலிலேயே எடுத்துக்கொள்ளவேண்டும். கப்பல் ஓடும்போது வாகனத் தளம் பூட்டியே இருக்கும். காலையில் அறிவிப்பு வந்த பிறகுதான் திறப்பார்கள்.

கடைசியாக, எந்தத் திசையில் போவது என்ற கேள்வி. கோடையில் இது பெரிய விஷயமில்லை. ஜூனில் ஸ்டாக்ஹோமில் சூரியன் மறைவதே இரவு பத்து மணிக்கு. அதனால் மாலையில் கிளம்பினால் தீவுக்கூட்டம் முழுவதையும் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். காலையில் ஹெல்சிங்கி வாசலில், 1748-இல் கட்டத் தொடங்கிய சுவோமென்லின்னா கோட்டைத் தீவுகளுக்கிடையே உள்ள குறுகிய நீர்வழியில் இவ்வளவு பெரிய கப்பல் நுழைவதையும் தவறவிடாதீர்கள். அப்போது காலை உணவு மேசையில் இருக்காமல் வெளியே நில்லுங்கள். டிசம்பரில் நிலைமை தலைகீழ். ஸ்டாக்ஹோமில் மாலை மூன்றுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். அந்த மாதங்களில் ஹெல்சிங்கியில் ஏறி ஸ்டாக்ஹோமில் இறங்குங்கள். காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் பொழுது புலரும்போது கப்பல் தீவுகளுக்குள்தான் இருக்கும்; இறங்குவதற்குள் கடைசி ஒரு மணி நேரமாவது பனி போர்த்திய கரைகளைப் பார்க்கக் கிடைக்கும்.